உனக்காக, உமக்காக

திருநெல்வேலி டவுண்,
1914 பிப்ரவரி 9

செங்கால்பேரி லுத்தரன் சபைப் போதகர் மாசிலாமணி ஐயர் அவர்களுக்கு,

என் அம்மாவைக் கர்த்தருடைய பந்தியிலிருந்து துரத்தியவர் நீங்கள்.

கையைப் பிடித்து இழுத்துத் துரத்தவில்லை. அப்படிச் செய்திருந்தால் ஊர் பார்த்திருக்கும். ஒரே ஓர் எழுத்தை வைத்துத் துரத்தினீர்கள்.

கடிதத்தின் தலையில் ‘மகா கனம்பொருந்திய’ என்று எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் நீங்கள்தான். இன்றைக்கு அது கையில் வரவில்லை, மன்னிக்க வேண்டாம்.

உங்கள் புத்தகத்தின் கைப்பிரதி போன மாதம் எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தது. முதலாளி குற்றாலலிங்கம் பிள்ளை அதை என் பக்கம் தள்ளி, “உங்க ஐயரு புஸ்தகமாம்வே, நீரே எழுத்துக் கோத்துக் குடும்” என்றார். இங்கே என் தெரு யாருக்கும் தெரியாது. பெயரை வைத்து வேதக்காரன், கிறிஸ்தவன் என்று மட்டும் தெரியும். அதனால்தான் எனக்கு இந்த ‘வே’யும் இந்த ‘நீரு’ம் கிடைக்கின்றன. தெரிந்த பிறகு என்ன கிடைக்கும் என்று நான் யோசிப்பதில்லை.

‘உனக்காக’ என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். ‘உங்களுக்காக என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும்போது பாவி கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறான். ஒருவன் முகத்தைப் பார்த்து உனக்காக என்று சொல்லும்போதுதான் அது நற்செய்தி ஆகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுத்து எழுத்தாக எடுத்து அடுக்கியது என் கை. அடுக்கும்போது கை நின்றுவிட்டது.

சபைப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பது பன்மை. ‘வாங்கிப் புசியுங்கள், இது உங்களுக்காகக் கொடுக்கப்பட்ட சரீரம்.’ மற்றப் போதகர்கள் வரிசைக்கு ஒருமுறை அதைச் சொல்லிவிட்டு அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே போவார்கள். நீங்கள் மட்டும் ஒவ்வொருவர் முன்னும் நின்று, முகம் பார்த்து, தனித்தனியாகச் சொல்கிறீர்கள். அதைக் கேட்பதற்காகவே அம்பாசமுத்திரத்திலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் ஜனங்கள் வண்டி கட்டி வருகிறார்கள். ஆற்றங்கரைச் சபைகளில் இளம் போதகர்மார் எல்லாம் உங்களைப் போலவே நின்று, உங்களைப் போலவே பைய இழுத்து ‘உனக்காக’ என்று சொல்லப் பழகுகிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். வழக்கம்போல மேலத்தெரு முதலில் முழங்கால்படியிட்டது. தேவவரம் பிள்ளையின் முன் நின்றீர்கள். ‘வாங்கிப் புசியும், இது உமக்காக’ என்றீர்கள். அவர் சம்சாரத்துக்கும் உமக்காக. மீசை முளைக்காத அவர் மருமகனுக்கும் உமக்காக. அவர்கள் எழுந்து போன பிறகு கீழத்தெரு வந்தது. என் அம்மா அருளாயியின் முன் நின்றீர்கள். ‘வாங்கிப் புசி, இது உனக்காக’ என்றீர்கள். பல் விழுந்த பேதுருக் கிழவருக்கும் உனக்காக. எனக்கும் உனக்காக.

அப்பம் ஒன்று. கிண்ணம் ஒன்று. நடுவில் ஒரு ‘ன’வும் ஒரு ‘ம’வும்தான் வேறு. எழுத்துக் கோர்க்கிறவன் காதில் அதுதான் விழும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. “போலே, ஐயரு அப்படிப் பாக்கவரு இல்ல. ஒங்க அப்பன் பொணத்தத் தூக்கிட்டுப் போனவருல்லா” என்றாள். அடுத்த பந்தியில் காதை வைத்துக் கேள் என்றேன். ஜனவரியில் கேட்டாள். இந்த மாதம் பந்திக்கு மணி அடித்தபோது அடுப்பங்கரையை விட்டு எழும்பவில்லை.

பக்கத்து வீட்டு இசக்கியம்மா புளி விற்க டவுணுக்கு வந்தபோது இதைச் சொன்னாள். “ஏன்டி கோயிலுக்குப் போகலன்னு கேட்டேன். எனக்கு இப்பம் காது நல்லாக் கேக்குது, அதான் போகலங்கா.”

அடுத்த பந்தியில் அவளுக்கும் ‘உமக்காக’ என்று சொல்லுங்கள். முடியாது என்றால் தேவவரம் பிள்ளைக்கும் ‘உனக்காக’ என்று சொல்லுங்கள். எதுவானாலும் சரி.

சுவிசேஷமுத்து


செங்கால்பேரி,
1914 பிப்ரவரி 20

கர்த்தருக்குள் பிரியமான சுவிசேஷமுத்துவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கோபப்பட்டேன். பிறகு வெட்கப்பட்டேன். பிறகு மறுபடி கோபப்பட்டேன். இந்த வரிசையில் உனக்கு எழுதுவது நல்லதல்ல என்று சில நாள் காத்திருந்தேன்.

முதலில் நான் ஏன் பன்மையை விட்டேன் என்பதைத் தெரிந்துகொள். புத்தகத்தில் அதை எழுதவில்லை. என் மனைவி பிரசவத்தில் இறந்த வருஷம், தரங்கம்பாடியில் போதகர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் முழங்கால்படியிட்டேன். ‘உங்களுக்காக’ என்றார்கள். அது என் தலைக்கு மேலே போய்விட்டது. வலப்பக்கம் இருப்பவருக்கு, இடப்பக்கம் இருப்பவருக்கு, எனக்கு அல்ல என்று தோன்றியது. அப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் வெளியே வந்தேன். போதகர் வேலையை அன்றே விட்டுவிடுவதாக இருந்தேன். வயதான ஜெர்மன் ஐயர் ஒருவர் என் பின்னாலேயே வந்து, தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, தன் அரைகுறைத் தமிழில், “மாசிலாமணி, உனக்காக” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் விழுங்கினேன்.

அன்றிலிருந்து நான் பிரசங்கித்தது எல்லாம் அந்த ஒரு சொல்தான். பெரிய சாஸ்திரி என்று என்னைச் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும்.

நீ சொன்ன வித்தியாசத்தை நான் அறிந்து செய்யவில்லை. உன் கடிதம் வந்த பின் பக்கத்து ஊர்ச் சபையில் கொடுத்த பந்தியில் என் வாயை நானே கேட்டேன். நீ சொன்னது உண்மை. நாக்கு பழகிய வழியில் போகிறது.

ஆனாலும் யோசித்துப் பார். ‘நீ’ என்பது இழிவா? என் மகளை நீ என்கிறேன். உன்னை நீ என்கிறேன். உன் தாயை நீ என்று சொல்லும்போது என் மனதில் இருந்தது அன்பே தவிர வேறல்ல. நீ மட்டும் என்ன? மரியாதை பற்றி எனக்கு இவ்வளவு நீளம் எழுதிய கையால், உன் தாய்க்கு வேளா வேளைக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுக்கிற இசக்கியம்மாளை ‘சொன்னாள்’ என்றுதானே எழுதியிருக்கிறாய்?

இன்னொன்று. அருளாயி பல வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டு, கண் கலங்க எழுந்து போனவள். அவளுக்கு அது குறையாக இருந்ததில்லை. அவளைப் பந்தியிலிருந்து எழுப்பியது என் நாக்கா, உன் வாயா? இதையும் நீ கர்த்தருக்கு முன் யோசிக்க வேண்டும்.

அச்சுப்படியை அனுப்பு. எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன்.

உன் நலம் விரும்பும்,
மாசிலாமணி


திருநெல்வேலி டவுண்,
1914 ஏப்ரல் 21

போதகர் ஐயர் அவர்களுக்கு,

ஈஸ்டர் பந்திக்கும் அம்மா போகவில்லை. எழுப்பியது என் வாய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வாய் சொன்னது உங்கள் வாய் சொன்னதைத்தான்.

இசக்கியம்மா விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அந்த வரி என்னைக் குத்தியது. இனி அப்படி எழுதமாட்டேன். பார்த்தீர்களா, திருத்திக்கொள்ள ஒரு கடிதம் போதும்.

அந்த ஜெர்மன் ஐயர் கதையை முன்பே சொல்லியிருக்கலாம். அது எனக்கு அழுகையை வரவழைத்தது. அழுத பிறகு ஒன்று தோன்றியது. ஜெர்மன்காரர் வாயில் ‘நீர்’ வராது. நம்மூர் மிஷனெரி ஐயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவவரம் பிள்ளையைப் பார்த்து, ‘பிள்ளை, நீ வா, நீ உட்கார்’ என்கிறார். பிள்ளை சிரித்துக்கொண்டு உட்காருகிறார். வெள்ளைத்தோல் ‘நீ’ என்றால் பிள்ளைக்கு அது தமிழ் தெரியாமை. ஒரு வெள்ளைக்காரரின் தமிழில் இருந்த குறையை எடுத்து நீங்கள் சாஸ்திரம் ஆக்கினீர்கள். அவர் சொன்ன ‘உனக்காக’வில் தெரு இல்லை. அதை நீங்கள் செங்கால்பேரிக்குக் கொண்டுவந்து, மேலத்தெருவில் பிறந்த நாக்கில் வைத்தவுடன் அது இரண்டாகப் பிளந்துவிட்டது. பன்மையை அப்படியே விட்டிருந்தால் எங்களுக்கு இந்தக் கதி இல்லை. ‘உங்களுக்காக’ என்ற கூட்டத்துக்குள் நாங்களும் ஒளிந்துகொண்டிருந்தோம்.

‘நீ’ அன்பு என்கிறீர்கள். நல்லது. அந்த அன்பைத் தேவவரம் பிள்ளைக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

நேற்று முதலாளி நான் கோர்த்த பக்கத்தைத் தலைகீழாகவே படித்துப் பார்த்தார். விஷயம் என்ன என்று கேட்டார். அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன், என் தெருவை மட்டும் சொல்லாமல்.

“அப்படின்னா ஒங்க சாமி சாப்பாட்டுலயும் எலை வேற வேறயாவே?” என்றார்.

“ஒரே எலைதான் அண்ணாச்சி. கூப்பிடுகதுதான் வேற.”

“எங்க மடத்துலயும் இதத்தான்வே தலைமுறை தலைமுறையாப் பண்ணிக்கிட்டு வாரோம். ஆனா ஒண்ணு, நாங்க அதுக்குப் புஸ்தகம் போடல.”

அச்சுக்கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் என் தெரு தெரிந்துவிடும்.

அச்சுப்படியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிழை இருக்கிறது, நான் தெரிந்தே செய்தது. ‘உனக்காக’ வருகிற இடத்தில் எல்லாம் ‘உமக்காக’ என்று கோர்த்திருக்கிறேன். தலைப்பிலும் அப்படித்தான். ன-வை எடுத்து ம-வை வைக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. உங்களுக்குப் பிழை என்று பட்டால், ஒவ்வொன்றையும் உங்கள் கையால் அடித்து, பழையபடி ‘ன’ போட்டு அனுப்புங்கள்.

சுவிசேஷமுத்து


செங்கால்பேரி,
1914 டிசம்பர் 12

பிரியமான சுவிசேஷமுத்துவுக்கு,

அச்சுப்படி இவ்வளவு மாதமாக என் மேஜையில் கிடக்கிறது. பேனாவை எடுத்துக்கொண்டு பல தடவை உட்கார்ந்தேன். ஒரு ம-வைக்கூட அடிக்க முடியவில்லை. அப்படியே சரி என்று கையெழுத்துப் போடவும் முடியவில்லை.

சீமையில் சண்டை வந்தது உனக்குத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலான ஊர்கள் இங்கிலீஷ் சபை. நாமும் ஆற்றங்கரையில் சில ஊர்களும் மட்டும் ஜெர்மன்காரர் மடியில் வளர்ந்த சபை. நம் மிஷனெரி ஐயரைப் பங்களாவை விட்டு வெளியே போகக் கூடாது என்று சர்க்கார் கட்டளை. வாசலில் போலீஸ்காரர் நிற்கிறார். எனக்குச் சம்பளம் வருகிற வழியும் அடைபட்டுவிட்டது. இது உனக்குச் சாக்காகத் தோன்றும். சாக்குத்தான். ஆனாலும் நடந்தது.

அக்டோபர் பந்தியில் துணிந்தேன். எல்லாருக்கும் ‘உமக்காக’ என்றே சொல்வதென்று ஜெபம்பண்ணிவிட்டுப் பீடத்துக்குப் போனேன். மேலத்தெரு வரிசை எப்போதும்போல முடிந்தது. கீழத்தெரு வந்தது. முதலில் இருந்தவன் பேதுருக் கிழவன். அப்பத்தை நீட்டி, ‘வாங்கிப் புசியும், இது உமக்காக’ என்றேன். அவன் வாயைத் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தான். தனக்குப் பின்னால் யாரோ பெரியவர் வந்து நிற்கிறார் என்று நினைத்து, பார்த்து, நகர்ந்து வழிவிட்டான்.

சுவிசேஷமுத்து, நான் கற்ற சாஸ்திரம் முழுவதும் அந்த இடத்தில் நின்றுவிட்டது. ‘உமக்குத்தான்’ என்றேன். வாங்கினான். அழுதான். வரிசை முழுவதும் அப்படியே சொல்லி முடித்தேன். உன் தாய் வரவில்லை. அவள் வந்திருக்க வேண்டிய நாள் அது.

ஆராதனை முடிந்து நான் அங்கியைக் கழற்றுவதற்குள் தேவவரம் பிள்ளை உள்ளே வந்தார்.

“ஐயரே, இன்னைக்கு நாக்கு பெசகிருச்சோ?”

“இல்லை, யோசித்துத்தான் சொன்னேன்.”

“நல்லா யோசிச்சீரு. நாளைக்கு எங்க களத்துல நிக்கவன் என்னைய ஏறிட்டுப் பாத்து ‘நீரு’ம்பான். அவனுக்குக் கூலி அளக்குகது நீரா, நானா?”

“இது கர்த்தருடைய பந்தி.”

“கர்த்தரு மேல இருக்காரு. கோயிலு எங்க அப்பா எழுதிக் குடுத்த எடத்துல இருக்கு. ஜெர்மன்காரன் சபைன்னு சர்க்காரு ஏற்கெனவே மொறைச்சுக்கிட்டு நிக்கி. நாங்க மொத்தமா இங்கிலீஷ் சபைக்குப் போயிட்டோம்னு வையும், நீரு யாரு முன்னால நின்னு உமக்காகம்பீரு?”

அங்கியைக் கழற்றி மடித்து வைத்தேன். பதில் இருந்தது, சொல்லத் துணிவு வரவில்லை.

நவம்பரிலிருந்து சபைப் புத்தகத்தில் உள்ளபடி பன்மையிலேயே சொல்லிவருகிறேன். வரிசைக்கு ஒரு தடவை, ‘உங்களுக்காக.’ யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மேலத்தெருவுக்கும் குறையில்லை, கீழத்தெருவுக்கும் குறையில்லை. பன்மையிலேயே விட்டிருக்கலாம் என்று நீயும் எழுதியிருந்தாய் அல்லவா? வெளியூரிலிருந்து வந்தவர்கள், ஐயருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அச்சைக் கலைத்துவிடு. அந்தப் புத்தகம் இனி வேண்டாம்.

மாசிலாமணி


திருநெல்வேலி டவுண்,
1915 ஜனவரி 18

போதகர் ஐயர் அவர்களுக்கு,

கலைத்துவிட்டேன். உங்கள் பக்கங்களில் இருந்த எழுத்துகள் பெட்டியில் அந்தந்தக் குழிக்குத் திரும்பிப் போய், இப்போது நெல்லையப்பர் கோயில் தைப்பூசத்துக்கு நோட்டீஸாக நிற்கின்றன.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிக்குக் கீழே கோடு போட்டேன். ‘பேதுருக் கிழவன் திரும்பிப் பார்த்தான்.’ ‘தேவவரம் பிள்ளை உள்ளே வந்தார்.’ நீங்கள் வெட்கப்பட்டு எழுதிய கடிதத்திலேயே இப்படி. அழுத மனிதர் ‘அழுதான்.’ மிரட்டிய மனிதர் ‘வந்தார்.’

பன்மை வேண்டும் என்று நான் கேட்டது அது எங்களுக்கு மறைவிடமாக இருந்தது என்பதால். இப்போது அது உங்களுக்கு மறைவிடம். இரண்டும் ஒன்றல்ல.

சண்டையை நிறுத்திக்கொள்கிறேன். இப்போது எழுதுவது வேறு காரியம். அம்மா படுத்துவிட்டாள். இருமலில் ரத்தம் வருகிறது என்று இசக்கியம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார். தைப்பூச வேலை முடியாமல் முதலாளி என்னை விடமாட்டார். இங்கே என் இடத்துக்கு வாசலில் ஆள் நிற்கிறது, நான் போனால் போனதுதான். அந்தக் கூலியில்தான் அம்மாவுக்கு மருந்து.

நீங்கள் போங்கள். அவள் இத்தனை மாதமாகத் திருவிருந்து இல்லாமல் இருக்கிறாள். சாகும் முன் அது அவளுக்கு வேண்டும். எனக்குக் கோபம் உண்டு, அவளுக்கு இல்லை. அவளுக்கு இருப்பது பசி.

ஆனால் ஒன்றை யோசித்துக்கொண்டு போங்கள். அந்தக் குடிசைக்குள் வரிசை கிடையாது. பாயில் ஒருத்தி மட்டும் கிடப்பாள். அங்கே பன்மை செல்லாது. ன-வா, ம-வா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும். கேட்க மேலத்தெரு அங்கே இருக்காது. நீங்கள், அவள், கர்த்தர்.

சுவிசேஷமுத்து


செங்கால்பேரி,
1915 பிப்ரவரி 4

சுவிசேஷமுத்து அறியவேண்டியது.

அருளாயி அம்மாள் நேற்று விடியும் வேளையில் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். உடல் தாங்காது என்பதால் சாயங்காலமே அடக்கம் நடந்தது. தந்தி கொடுக்க அம்பாசமுத்திரத்துக்கு ஆள் அனுப்பியும், ஜெர்மன் சபைக்காரன் கொண்டுவந்த செய்தி என்று வாங்க மறுத்துவிட்டார்கள். அதனால் இந்தக் கடிதம்.

அதற்கு முந்திய நாள் வீட்டுக்குப் போய் ஜெபம்பண்ணித் திருவிருந்து கொடுக்கப்பட்டது. நல்ல நினைவோடு வாங்கிக்கொண்டார். சபைப் புத்தகத்தில் உள்ளபடி வாசிக்கப்பட்டது.

குழி, அவருடைய கணவர் ஆசீர்வாதத்தின் குழிக்குப் பக்கத்திலேயே. இடம் கிடைத்தது.

மிஷனெரி ஐயரைப் பம்பாய் பக்கம் கொண்டுபோகப் போகிறார்கள் என்று பேச்சு. மிஷன் சொத்துக் காரியமாகத் தாசில்தார் கச்சேரிக்கு அடிக்கடி போகவேண்டியிருக்கிறது. ஊருக்கு வரும்போது ஒருவேளை சந்திக்க முடியாமல் போகலாம்.

தேற்றரவாளர் தேற்றுவாராக.

மாசிலாமணி


திருநெல்வேலி டவுண்,
1915 மார்ச் 2

போதகர் ஐயர் அவர்களுக்கு,

நான் ஊருக்கு வந்தபோது குழி மேட்டில் மண் உலர்ந்துவிட்டது. நீங்கள் சொன்னபடியே கச்சேரிக்குப் போயிருந்தீர்கள். மாலைவரை உங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ‘நீ’ இல்லை. ‘நீர்’ இல்லை. தமிழில் ஒருவனுக்குக் கடிதம் எழுதி, அவனை ஒரு தடவைகூட விளிக்காமல் முடிப்பது லேசான காரியம் அல்ல. கஷ்டப்பட்டிருப்பீர்கள். என் அம்மாவுக்கு ‘அம்மாள்’ போட்டிருக்கிறீர்கள். ‘அடைந்தார்’ போட்டிருக்கிறீர்கள். செத்த பிறகு எங்களுக்கும் அது கிடைக்கிறது.

இப்போது இசக்கியம்மா சொன்னதை எழுதுகிறேன். அவர் சொன்னபடியே.

“ஐயரு வந்தாரு. நான் வாசல்ல நின்னேன். தட்டுல அப்பத்த வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒங்க அம்மா மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. எனக்கே பயமாப் போச்சு, இவருக்கும் சொகமில்லையோன்னு. பொறவு புஸ்தகத்தப் பிரிச்சாரு. ‘வாங்கிப் புசியுங்கள், இது உங்களுக்காக’ன்னாரு. ஒங்க அம்மா சிரிச்சுச்சு பாரு, அப்படி ஒரு சிரிப்பு. வாங்கிக்கிட்டுச்சு. அவரு போன பொறவு என்னையக் கிட்ட கூப்பிட்டு, ‘ஏட்டி இசக்கி, கேட்டியா? ஐயரு என்னைய உங்களுக்காகன்னாரு. நீங்கன்னாருட்டி. பிள்ளைமாருக்குக்கூட நீருதான். எனக்கு நீங்க. முத்துட்ட மறக்காமச் சொல்லு, கோவத்த விட்டுரச் சொல்லு’ன்னுச்சு. அதையே சொல்லிச் சொல்லித்தான் கண்ண மூடுச்சு.”

நான் அங்கே அழவில்லை. வண்டியில் வரும்போதும் அழவில்லை. அச்சுக்கூடத்தில் எழுத்துப் பெட்டியின் முன்னால் வந்து நின்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

‘உங்களுக்காக’ என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம். பலரைப் பார்த்தாலும் ‘நீங்கள்.’ தலைக்கு மேலே வைத்து மதிக்கிற ஒருவரைப் பார்த்தாலும் ‘நீங்கள்.’ நான் உங்களுக்கு இத்தனை சண்டைக்கு நடுவிலும் எழுதிக்கொண்டிருக்கிற ‘நீங்கள்’ இரண்டாவது. அம்மாவும் இரண்டாவது என்றே எடுத்துக்கொண்டாள். உனக்காகவும் இல்லை, உமக்காகவும் இல்லை, அதற்கும் மேலே ஒரு படி. ராஜாத்தி மாதிரி செத்தாள்.

ஆனால் நவம்பர் முதல் நீங்கள் எந்த ‘உங்களுக்காக’வைச் சொல்லிவருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யார் முகத்தையும் பார்க்காமல் சொல்கிற பன்மை. அந்தக் குடிசையில் ன-வும் வராமல் ம-வும் வராமல் புத்தகத்தைப் பிரித்து அதற்குள் ஒளிந்துகொண்டீர்களா? ஒருத்தி கிடக்கிற பாயைப் பார்த்து, அங்கே இல்லாத ஒரு வரிசைக்கு அப்பம் கொடுத்தீர்களா? அப்படியானால் அவள் சிரித்தது ஓர் இலக்கணப் பிழைக்கு.

இல்லை, அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இனி எனக்கு எது வந்தாலும் வரட்டும் என்று, எங்கள் தெருவில் யாருக்கும் நீங்கள் சொல்லாத அந்தப் பெரிய சொல்லைத் தெரிந்தேதான் சொன்னீர்களா? அப்படியானால் இந்த ஒரு வருஷமாக உங்களுக்கு நான் எழுதியதை எல்லாம் எரித்துவிடுங்கள்.

காலரா வந்த வருஷம் என் அப்பா ஆசீர்வாதத்தின் பிணத்தை மேலத்தெருவும் தொடவில்லை, கீழத்தெருவும் தொடவில்லை. அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு நீங்கள் ஒரு தோள் கொடுத்தீர்கள். நான் மறுதோள் கொடுத்தேன். அப்போது எனக்கு உயரம் போதாமல் பாடை என் பக்கம் சரிந்தது. “பயப்படாதலே, நான் இருக்கேன்” என்றீர்கள். அந்த ‘லே’ எனக்குக் குறையாகப் பட்டதில்லை. இன்றைக்கும் இல்லை. அந்தத் தோளால் ஒரு பிணத்தைத் தூக்க முடிந்தது. ஓர் எழுத்தைத் தூக்க முடிந்ததா இல்லையா என்றுதான் கேட்கிறேன்.

பதில் எழுதுங்கள்.

சுவிசேஷமுத்து


திருநெல்வேலி டவுண்,
1915 செப்டம்பர் 27

போதகர் ஐயர் அவர்களுக்கு,

மே மாதமும் எழுதினேன், ஜூலையிலும் எழுதினேன். கடிதங்களை நீங்களே கையில் வாங்குவதாகத் தபால்காரர் சொன்னாராம். மிஷனெரி ஐயரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும், சம்பளம் இல்லாமலே நீங்கள் பள்ளத்தாக்குச் சபைகளுக்கு நடந்தே போய்வருகிறீர்கள் என்றும் இசக்கியம்மா சொன்னார். போகிற ஊர்களில் எல்லாம் இப்போதும் நீங்கள் தனித்தனியாகச் சொல்வதில்லையாம். ஆனால் உங்களைப் பார்த்துப் பழகிய இளம் போதகர்மார் விடவில்லை. ஒவ்வொரு முகமாக நின்று, ஒருவருக்கு ன, ஒருவருக்கு ம என்று உங்கள் பழைய வழியிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை இனி யார் கலைப்பது?

என் தெரு முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. வேலையை விட்டு நிறுத்தவில்லை. ‘வே’யை மட்டும் நிறுத்திவிட்டார்.

நேரில் வந்து கேட்கலாமே என்று இசக்கியம்மா சொல்கிறார். வந்தால் பழக்கத்தில் உங்கள் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். நீங்கள் ‘என்னலே முத்து’ என்பீர்கள். நான் கேட்க வந்ததை மறந்துவிடுவேன். அதனால் வரமாட்டேன்.

விளக்கம் வேண்டாம். சாஸ்திரம் வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். ஒரு கார்டில் ஒரே ஒரு சொல் எழுதிப் போடுங்கள். என் அம்மாவைப் பார்த்து ‘உங்களுக்காக’ என்று சொன்னீர்களே, அது மரியாதையா, பன்மையா?